இருநூறு ஷாட், இருபத்தைந்து நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

மாடிப்படியில் வீட்டுக்காரர் மறித்தார். "டாக்டரம்மா, முட்டி ரெண்டும் வலிக்குது, ஒரு மாத்திரை சொல்லுங்க." நான் அந்த டாக்டர் இல்லை, கூடைப்பந்து பற்றி ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் அது என்று மூன்றாவது முறையாக விளக்கினேன். "அதுக்கெல்லாமா குடுக்கறாங்க?" என்றார். மைதானத்துக்கு வெளியே இன்று என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஜூன் 7, சனி

ஜெயித்தோம். பதினெட்டுப் புள்ளி வித்தியாசம். உடைமாற்றும் அறையில் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் ஒரே கும்மாளம். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. "நல்லா ஆடினீங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். சாத்தியதும் மறுபடி சிரிப்பு. என்னைப் பற்றி இருக்காது. இருந்தால்தான் என்ன?

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஜெயிச்சுட்டோம்." பதில் வந்தது: "சரி." நான்கு வருடமாக எல்லாவற்றுக்கும் சரிதான். பிறந்தநாள் வாழ்த்துக்கும் சரி. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டால் "ஒண்ணுமில்லயே" என்பாள். ஒன்றுமில்லாமலா இப்படி முகம் கொடுக்காமல் இருப்பாள்?

ஜூன் 8, ஞாயிறு

இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

எங்கள் நெட்டச்சியைப் பேட்டி எடுக்கப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். இந்த வருடம் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான். "எப்படிம்மா இப்படிக் குறி தப்பாம போடுற?" என்று கேட்டார்.

"தினமும் காலைல தனியா வந்து பழகுவேன் சார்."

அவள் பின்னால், பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாண்டு நின்றிருந்தாள். நெட்டச்சியின் அறைத்தோழி, ஆட்டங்களில் இறங்க வாய்ப்பில்லாமல் எப்போதும் பெஞ்சில் உட்காருகிறவள். தினமும் காலையில் வளையத்துக்குக் கீழே நின்று, நெட்டச்சி போடும் ஒவ்வொரு பந்தையும் பிடித்துத் திருப்பி எறிகிறவள் அவள்தான். அவள் முகம் மாறவில்லை. பந்தைக் கொண்டுபோய்ப் பையில் போட்டுவிட்டு வந்தாள்.

நெட்டச்சியைத் திட்ட வாயெடுத்தேன். நான் எந்த வாயால் திட்டுவது?

ஜூன் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடம் முன்பு, ஆராய்ச்சிப் பட்டத்தையும் விளையாட்டு விருதையும் ஒரே மேடையில் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்துப் பெருமையாகச் சொன்னேன்: "ஐந்து வருடம், தினமும் காலையில், தனியாகப் பயிற்சி செய்தேன்." கைதட்டல். மூன்றாவது வரிசையில் அக்கா. அவளும் தட்டினாள்.

அந்த ஐந்து வருடமும் வீட்டுப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ரப்பர் செருப்போடு நின்று பந்து எடுத்துக் கொடுத்தது அவள். முடிந்ததும் வேலைக்கு ஓடுவாள். எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. அவளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அதுதான் உண்மை.

ஆய்வேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். என் பயிற்சிக் குறிப்புகளை வைத்தே எழுதியது. அதிலும் அதே பொய்: "தனிப்பயிற்சி. இருநூறு ஷாட், இருபத்தைந்து நிமிடம்."

ஜூன் 14, சனி

காலி மைதானத்தில் கடிகாரத்தை வைத்துவிட்டு இருநூறு போட்டேன். நானே போட்டு, நானே ஓடி, நானே எடுத்து. ஐம்பத்தெட்டு நிமிடம். வீட்டுக்காரரிடம் நான்தான் மாத்திரை கேட்க வேண்டும்.

ஒருத்தி தனியாக இதை இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கவே முடியாது. தேர்வாளர்கள் மூன்று பேர் படித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. எழுதிய எனக்கே உறைக்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரி.

ஜூன் 15, ஞாயிறு

அக்காவைப் போனில் கூப்பிட்டேன். மேடையில் பேசியது, ஆய்வேட்டில் எழுதியது, எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இருநூறுன்னா எழுதின?" என்றாள்.

"ஆமாக்கா."

"இருநூத்திப் பத்து. கடைசிப் பத்து நான் போடுவேன். நீ உக்காந்து ஷூ கழட்டிட்டு இருப்ப. ஒருநாளாவது திரும்பிப் பாப்பியான்னு பாப்பேன்."

எத்தனை விழும் என்று கேட்டேன்.

"யாருடி எண்ணினா?" வைத்துவிட்டாள்.

அவளுக்கும் ஆசை இருந்திருக்கும்னு ஒருநாளாவது நெனச்சேனா? அஞ்சு வருஷம் — தெனமும் — என் முதுகுக்குப் பின்னாடியே. பாவி நான். ரொம்ப நேரம் அழுதேன்.

ஜூன் 16, திங்கள்

நெட்டச்சிக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "நாளைலேர்ந்து பாதி ஷாட் வாண்டு போடுவா. நீ பந்து எடு" என்றேன்.

"நானா கோச்?"

"நீதான்."

வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று காது அசைவதில் தெரிந்தது.

அக்காவுக்கும் அனுப்பினேன்: "இங்க ஒருநாள் வரியா? பந்து நான் எடுக்கறேன்."

ஜூன் 21, சனி

பதில் இல்லை. 'சரி' கூட இல்லை. அந்த 'சரி'க்கே ஏங்க வைத்துவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

ரப்பர் செருப்போடுதான் வந்தாள். கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பத்துதான்" என்றாள். நான் வளையத்துக்குக் கீழே போய் நின்றேன்.

மூன்று விழுந்தது. எண்ணினேன்.

"இன்னொரு பத்து" என்றாள்.