கன்னடம் பேசிய போன்

14 பிப்ரவரி 2005, திங்கள்

ராஜியை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து பூனாவுக்கு ரயில். வண்டிக்கு ஒயரிங் கட்டுகிற அவள் கம்பெனி அங்கே புது யூனிட் திறந்திருக்கிறது. புதுப் பெண்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வருவாள். கூடவே சூப்பர்வைசர் கமலக்கண்ணனும் போகிறான். அவன் வீடு பெங்களூரில்தான். பெண்டாட்டி ஊரில் இல்லை, ராத்திரிச் சமையல் நான். உப்புமாவைத் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு தர்ஷினி, “அப்பா, இத வச்சி செவுரு கட்டலாம்” என்றாள். நாலாவது படிக்கிறாள், வாய் மட்டும் கல்லூரி.

16 பிப்ரவரி

தகடு நறுக்குகிற எங்கள் பிரஸ் மிஷினை ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. சாப்பாட்டு வேளையில் மதிலோரம் நின்று ராஜிக்கு போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறாளாம். சொன்னது ஒரு ரெக்கார்டு பெண், கன்னடத்தில்.

பூனாவில் இருக்கிற போன் கன்னடம் ஏன் பேசணும்?

17 பிப்ரவரி

மதியம் மறுபடி அதே கன்னடக்காரி. சாயங்காலம் வீட்டிலிருந்து போட்டதும் ராஜி எடுத்தாள்.

“எங்க இருக்க?”

“பூனாலதாங்க. வேற எங்க இருப்பன்?”

“பகல்ல ஏன் ஆஃப் பண்ற?”

“போன கேட்லியே வாங்கி வச்சிக்கிறாங்க. உள்ள விடறதில்ல.”

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது. பின்னால் ஒரு ஆம்பளை சிரிப்பு. வைத்தபிறகு சொம்பைச் சுவரில் அடித்தேன், நெளிந்துவிட்டது. தர்ஷினி ஓடி வந்தாள். பல்லி என்றேன். “செத்துச்சாப்பா?” என்று மூலையெல்லாம் தேடினாள்.

18 பிப்ரவரி

போன் எந்த ஊரில் இருக்கோ அந்த ஊர் பாஷைதானே பேசும்? பூனா என்றால் இந்தி வரணும், மராத்தி வரணும். ஒன்பதாவதில் கணக்கில் கோட்டை விட்டவன் நான், இந்தக் கணக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது! பெங்களூர். அவன் வீடு. மிஷின் தகட்டை நறுக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அவன் மண்டைதான் அடியில் இருந்தது. இன்றைய டார்கெட்டைத் தாண்டிவிட்டேன். ஃபோர்மேன் பாராட்டினார்.

19 பிப்ரவரி, சனி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

“ஒங்கம்மா பொய் சொல்றா” என்றேன் குழந்தையிடம். யாராவது சொல்வானா?

“அம்மா பொய் சொல்லாது. நீதான் சொல்லுவ. பல்லின்னு சொன்னியே.”

தன்னாலே கை போய்விட்டது. கை போய்விட்டதாம்! எங்க போச்சு? என் தோள்லதானே இருக்குது. அடித்தேன். கட்டில் விளிம்பில் போய் விழுந்தாள், உதடு கிழிந்து யூனிபாரமெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். தையல் போடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, நர்ஸின் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை. அழுதிருந்தால் தேவலை.

21 பிப்ரவரி, திங்கள்

பையில் கொடுவாளைச் சுற்றி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் லீவு சொல்லிவிட்டு பெங்களூர் போவதாகத் திட்டம். கமலக்கண்ணன் வீடு எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. மூஞ்சியைப் பார்த்துவிட்டு பக்கத்து மிஷின் முனிவேல் கேட்டான். பாகலூர்ப் பையன், வீட்டில் தெலுங்கு. எனக்கு இருக்கிற ஒரே சினேகிதன். எல்லாம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ஏண்ணா, நீ எங்க நின்னுகினு போன் போட்ட?”

நக்கலாகத்தான் பட்டது. நான் கேட்பது பெண்டாட்டி எங்கே என்று, இவன் கேட்பது நான் எங்கே என்று. கையில் டிபன் கேரியர் இருந்தது. முகத்திலேயே அடித்தேன். விழுந்தான். விழுந்தவன்மேல் உட்கார்ந்து மறுபடி அடித்தேன். ஏதோ சொல்ல வந்தான், ரத்தத்தோடு பல்தான் வந்தது. நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். ஷெட்டு முழுக்க என் உப்புமா.

22 பிப்ரவரி

போலீஸ் ஸ்டேஷன். கேஸ் எழுதிக்கொண்டு ஜாமீனில் விட்டார்கள். முனிவேலுக்குத் தாடை எலும்பு முறிவாம். சஸ்பெண்ட். பையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, என் அதிர்ஷ்டம்.

24 பிப்ரவரி

கம்பெனி விசாரணைக்கு வரச்சொல்லி ஷெட் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். தர்ஷினியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ராஜியின் அண்ணன் நாராயணப்பனுக்கு போன் போட்டேன். காவேரிப்பட்டினத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிற மனுஷன்.

அணைத்து வைத்திருக்கிறாராம். கன்னடத்தில்.

மச்சான் எப்போது பெங்களூர் போனார்?

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் கர்நாடகா டவரின் பெயர். கன்னடம் பேசியது ராஜியின் போன் இல்லை. மதிலோரம் நின்றால் என் போன்தான் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறது. ஓசூரில் டீக்கடைக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. முனிவேல் அதைத்தான் கேட்டான். எங்க நின்னுகினு போட்ட? எங்கடா நின்ன, குருமூர்த்தி?

வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தேனாம். எனக்குத் தெரியவில்லை.

12 மார்ச், சனி

ராஜி வந்தாள். எனக்கு ஒரு சட்டை, தர்ஷினிக்கு கண்ணாடி வளையல். உதட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கொடுவாள் உட்பட. சத்தம் போடுவாள் என்று இருந்தேன். “அன்னிக்கி போன்ல சிரிச்சது மெஸ்காரருங்க” என்றாள், அவ்வளவுதான். அப்புறம் முனிவேலைப் பார்க்கப் போனாள், கஞ்சி எடுத்துக்கொண்டு. அவனுக்கு வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. என்னை வரவேண்டாம் என்றாள்.

28 மார்ச்

முனிவேல் கேஸை வாபஸ் வாங்கிவிட்டான். ராஜி போய்ச் சொன்னதால். வேலை திரும்பக் கிடைத்தது. பக்கத்து மிஷினில் வேறு ஆள்.

1 மே, ஞாயிறு

ராஜியை மறுபடி பூனாவுக்குக் கூப்பிடுகிறார்கள். “போய்ட்டு வா” என்றேன். முழு மனசோடுதான் சொன்னேன். தலையாட்டிவிட்டு தர்ஷினியின் துணியையும் மடிக்க ஆரம்பித்தாள். லீவு முடியும்வரை பாப்பா அண்ணன் வீட்டில் இருக்கட்டுமாம்.

“நான் பாத்துக்க மாட்டனா ராஜி?”

“பாத்துக்குவீங்க” என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

மேலே இருந்த பெட்டியை எடுக்கக் கை தூக்கினேன். கதவோரம் நின்ற தர்ஷினி சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள். பெட்டியை ராஜியே இறக்கிக்கொண்டாள்.

9 மே

மதியம் மதிலோரம் போய் ராஜிக்குப் போட்டேன். கன்னடக்காரி வந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தேன்.

சாயங்காலம் மாமன் போனிலிருந்து தர்ஷினி பேசினாள். வாய்க்காலில் குளித்ததையும் மாங்காயையும் சொல்வாள், அதற்கு முன்னால் ஒன்று கேட்பாள். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறாள்.

“அப்பா, கோவமா இருக்கியா?”

“இல்ல கண்ணு.”

“நெசமா?”

“நெசமா.”

அப்புறம்தான் மாங்காயை ஆரம்பித்தாள்.