கொய்யா மரத்துப் பட்டு அந்துப்பூச்சி

அக்கா,

என் மகள் இப்போது எல்லவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் பழைய புத்தகங்களைச் சில நேரம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நேற்று கொண்டுவந்ததில் முழுப்பக்கத்துக்கு ஒரு படம். தென் அமெரிக்கக் காட்டில் வாழும் பெரிய பட்டு அந்துப்பூச்சியாம். செங்கல் நிற இறக்கை, அதன் நடுவில் கண்ணாடி பதித்த மாதிரி நாலு சன்னல்.

"இதுக்கு வாயே இல்லையாம்மா. புழுவா இருக்கையில தின்னதோட சரியாம்."

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்துபோனேன். அவளிடம் சொல்லாததை இப்போது உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வருடம் நாம் இருவரும் பசறைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளை நீங்கள் குளிப்பாட்டினால் நான் துவட்டுவேன். நான் பால் கலக்கினால் நீங்கள் சூடு பார்ப்பீர்கள். லயத்து வீடுகளில் யாரோடும் ஒட்டாத எனக்கு உங்களோடு மட்டும்தான் பேச்சு.

மகள் சமைந்தபோது சடங்குக்கு உங்களை முதல் பந்தியில் உட்காரவைத்தேன். நீங்கள் சோற்றைக் கையால் அளைந்துகொண்டே இருந்தீர்கள். ஒரு வாய்கூட வைக்காமல் இலையை மூடினீர்கள். "பசி இல்ல தங்கச்சி" என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்க போல" என்று என் நாத்தனார் என் காதுபடச் சொன்னாள். நான் அதை நம்பினேன். எட்டு வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பேச்சை நம்பினேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் உங்களோடு பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, "பால் கலக்கியாச்சான்னு அந்த ஆயாகிட்ட கேளு" என்று நாலு வயதுப் பிள்ளையைத் தூது அனுப்பினேன். நீங்கள் அந்தப் பிள்ளையிடமே, "ஆச்சுன்னு சொல்லு கண்ணு" என்பீர்கள். குரல் கம்மிப்போயிருந்தது. சளித் தடுமல் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் மடுவத்துக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தில், இலைக்குள் சுருண்டு கிடந்த கூடு உடைந்து அதே சாயலில் ஒரு பூச்சி வந்தது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அளவு. பிள்ளைகள் சீனித்தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"அது குடிக்காதுடா. அதுக்கு வாயில்ல" என்றீர்கள். உங்கள் மகன் போனில் தேடிச் சொன்னானாம். தென் அமெரிக்காவிலும் இதன் சொந்தக்காரப் பூச்சிகள் இருப்பதாகவும், அவற்றுக்கும் இதே கதிதான் என்றும் சொன்னீர்கள்.

"அப்ப பசிக்காதா ஆயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"பசிக்கும்தான் போல" என்றீர்கள். உங்கள் கை கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அது வாசற்படியில் செத்துக் கிடந்தது. பிள்ளைகள் கெஞ்சக் கெஞ்ச நான் அதைக் கூட்டிச் சாக்கடைக் கானில் தள்ளினேன். உங்கள் பூச்சி என்ற கோபம். நீங்கள் இறங்கிப் போய் அதை எடுத்துவந்தீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் வேலைக்கு வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சொல்லித்தான் தெரிந்தது, உணவுக்குழாயில் புற்று. சடங்குக்கு முன்பே உங்களுக்குச் சோறு இறங்காமல் போயிருந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். கட்டிலில் பாதிகூட இல்லை நீங்கள். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் சிரித்தீர்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா!"

"புள்ளைக்கு நல்ல நாளு. அங்க வந்து நோய்ப் பேச்சு எதுக்கு?"

"அதுக்குப் பிறகாவது…"

"நீதான் பேசலியே."

குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னீர்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்கள் கை என் தலையைத் தேடியது. பதினோரு நாள் தினமும் வந்தேன். பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது உங்கள் மகன் போன் எடுத்தான், நீங்கள் போய்விட்டீர்கள் என்று.

மகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவள் சடங்கில் தொடங்கியது என்றால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த இரண்டு மாதமும் காலையில் மடுவத்துக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பீர்கள், இன்றாவது பேசுவேனா என்று. நான் தொட்டில் துணியை மடிப்பதுபோல் குனிந்துகொள்வேன். இப்போது உங்கள் இடத்தில் ஒரு சின்னப் பெண் வேலை செய்கிறாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், கையில் என்ன வேலை இருந்தாலும், நான் நிமிர்ந்துவிடுகிறேன். அவள் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன்.