கோயில் வாசலில் போட்ட சுண்ணாம்புக் கோடு

அரசின் எல்லை எவ்விடத்தில் முடிகிறது, ஆண்டவரின் எல்லை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதைத் துல்லியமாக அறிந்தவன் இவ்வுலகில் ஒருவனே உளன். அவன் இவ்வோலையை எழுதும் அடியேன்.

வெண்கழி நாட்டைத் தம் முத்துக்குடை நிழலில் வைத்துக் காப்பவரும், உப்பங்கழிகள் அனைத்துக்கும் உரியவரும், யானை தும்மினாலும் அசையாத அரியணையில் வீற்றிருப்பவருமான எழினிக்கோ பெருமகனாரின் திருவடிகளுக்கு, அவைத்தூதன் மதிவாகன் சிப்பிக்கரையிலிருந்து நிலம் தோய வணங்கி வரையும் விண்ணப்பம். தங்கள் நாட்டில் மழை வேண்டும்போது பெய்க. வேண்டாதபோது, கேட்டுவிட்டுப் பெய்க. தலைநகர் மேலரணின் விளக்குகள் குன்றாது எரிக. அவ்வீதியில் பூட்டிக் கிடக்கும் அடியேன் வீட்டு மாடத்திலும் போகிற போக்கில் யாரேனும் ஒரு திரி ஏற்றி வைக்க.

பெருமகனார் அறிந்ததே ஆயினும், ஓலை முறை கருதி முதலிலிருந்து சொல்லுகிறேன். சிப்பிக்கரை மணலைத் தங்கள் நீராடுதுறையாக்கி, இனி அங்கே எவரும் மீன்பிடி வள்ளம் இழுத்தேற்றலாகாது என்று முன்பொரு மாசியில் ஆணை பிறந்தது. தமக்கு வேறு மணல் இல்லை என்றார்கள் கரையார். ஆணையில் அதற்கு விடை இல்லாமையால் வள்ளங்களை வழக்கம்போல ஏற்றினார்கள். அவ்வாறு ஏற்றியவருள் எழுவர் பிடிபட்டு, கருங்கற்கோட்டைச் சிறையில் இன்றளவும் இருக்கிறார்கள். தாங்கள் இன்னும் நீராட எழுந்தருளவில்லை.

அதன்பின் வந்த பெரிய வியாழனன்றுதான் குற்றம் நிகழ்ந்தது. கிறிஸ்தவர்களின் ஆண்டவர் தாம் பிடிபட்ட இரவில் சீடர்களின் கால்களைக் கழுவினாராம். அதன் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில் ஊர்க்குரு முழந்தாளிட்டுப் பன்னிரு ஆடவரின் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவது சடங்கு. சிப்பிக்கரையில் இதற்கெனப் பன்னிரண்டு மணைகள் உள. ஒவ்வொரு மணையும் ஒரு வீட்டுக்கு உரியது. அவ்வீட்டு ஆணன்றிப் பிறர் அதில் உட்காருதல் இல்லை. சிறைப்பட்ட எழுவரும், நம் கெட்ட காலம், மணைக்காரர்கள்.

இவ்வூர்க் குருவான சந்தியாகு சுவாமி என்ன செய்தார் என்றால், பன்னிரண்டு மணைகளையும் வரிசையாகப் போட்டு, ஆளிருந்த ஐந்தில் காலைக் கழுவினார். ஆளில்லாத ஏழின் முன்னும் அதேபோல மண்டியிட்டு, வெறும் பலகையின்மேல் நீர் வார்த்துத் துடைத்து முத்தமிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோயில் முழுதும் அழுததாக ஒற்றர் எழுதினர். காலில்லாத மணைக்கு நீர் வார்ப்பது, ஆளில்லாத பல்லக்கைச் சுமந்து வியர்ப்பதற்கு ஒப்பான அறிவீனம் என்று அன்று அவையில் அடியேன் சொல்ல, பெருமகனார் நகைத்தருளினார். அந்த நகைப்பின் பயனாகவே அடியேன் இங்கு அனுப்பப்பட்டேன். இவ்வாண்டு வியாழனில் வெறும் மணை ஒன்றும் இருக்கலாகாது. குரு இணங்காவிடில் அவரையும் கோட்டைக்கு அனுப்புக என்பது ஆணை.

வந்த அன்றே கோயில் வாசலுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். உள்ளே ஆண்டவர் காரியம், வெளியே அரசர் காரியம். குரு உள்ளே இருக்கும்வரை எது வேண்டுமாயினும் பேசலாம், கோட்டைத் தாண்டினால் ஊமை என்று விதித்தேன். சுவாமி வெளியே வந்து கோட்டைப் பார்த்தார். சொன்னவாறே எழுதுகிறேன், பொறுத்தருள்க: “அழகாப் போட்டிருக்கீங்க தம்பி. காத்து இந்தப் பக்கந்தான் அடிக்கும், கொஞ்சம் கல்லு வையுங்க.” அடியேனுக்குத் தாங்கள் அருளிய பட்டங்களில் ‘தம்பி’ என்பது இல்லை. ஆயினும் திருத்தவில்லை.

அன்று மாலையே ஒரு மூதாட்டிக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்தது. நோயாளிக்காகத் தாண்டலாம் என்று விலக்களித்தேன். மறுநாள் அவளை அடக்கம் செய்யவேண்டி வந்தது, இறந்தோர்க்காகவும் விலக்களித்தேன். பின்பு பட்டினி கிடந்த வீடொன்று. அதன்பின் சுவாமி, சிறையிலிருப்போரைப் பார்க்கப் போவதும் தம் மறை இந்த மூன்றோடும் சேர்த்துச் சொன்ன இரக்கச் செயலே என்று பணிவாக விண்ணப்பித்தார். அப்படியாயின் என் கோடு கோட்டை வாசலில் போய் நிற்க வேண்டிவருமே என்றேன். அவர் மறுக்கவில்லை. சுண்ணாம்பு போதுமா என்று மட்டும் கேட்டார்.

இவ்வூரில் அடியேனோடு பேசியவர் அவர் ஒருவரே என்பதைப் பெருமகனார் அறிதல் வேண்டும். சிறையில் ஆள் உள்ளவரை அரண்மனைக்காரரோடு பேச்சு வைப்பதில்லை என்பது இக்கரையார் தமக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடு. அவமதிப்பு இல்லை, வழிவிடுகிறார்கள், வணங்குகிறார்கள், கேட்டால் தண்ணீர் தருகிறார்கள். பேசுவதில்லை. சிறைப்பட்டோருள் ஒருவனான மிக்கேலின் மனைவி பிரகாசியம்மாள் நாள்தோறும் என் விடுதிக்குச் சோறும் மீன்குழம்பும் கொணர்ந்து, இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் போவாள். குழம்பை அடியேன் பலமுறை, பலவகை உவமைகளால் புகழ்ந்தேன். சுவர் கேட்டிருக்கும்.

ஆகவே மாலைதோறும் கோயில் படிக்கட்டில் சுவாமியோடு ஆடுபுலி ஆடினேன். அவர் படியில் கரியால் கட்டம் வரைந்திருந்தார். எப்போதும் தமக்கு ஆடுகளையே எடுத்துக்கொள்வார். வெட்டுப்பட்ட ஆடுகளை அடியேன் கடலைப் பார்க்கும் நேரமாகப் பார்த்துத் திரும்பக் கட்டத்தில் வைத்துவிடுவார். கண்டுபிடித்துக் கேட்டால், “அது செத்த மாதிரி இருந்துது தம்பி, பொழச்சிக்கிச்சி” என்பார். இது தங்கள் நாட்டில் நிகழ்ந்த மோசடியாகலின் பதிவு செய்கிறேன்.

அவ்வாட்டத்தின் நடுவேதான் அடியேன் அவரை ஒருமுறை வென்றேன். துறைக்காவலன் இஞ்ஞாசி இவ்வூரான். தங்கள் உப்பைத் தின்பவன். ஆணைப்படி அந்த எழுவரையும் பிடித்துக் கொடுத்தவன் அவனே. அவர்களுள் மிக்கேல் அவன் மச்சான். சென்ற ஆண்டு வெறும் மணைகளைக் கண்டபின் அவன் கோயிலுக்குள் வருவதில்லை. ஞாயிறுதோறும் வெளிச்சுவரோரம் பூவரசின் கீழ் நின்று பூசை கேட்டுவிட்டுப் போகிறான். அடியேன் சுவாமியிடம் சொன்னேன்: குரு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தான் தன் பாவத்தை எவரிடம் போய்ச் சொல்லுவான்? சிறையிலுள்ளவர்க்கு மணை போட்டீர். அவர்களைப் பிடித்தவனும் உம் மந்தைதானே. அவனை வெயிலில் நிறுத்திவிட்டீரே. நாட்டுக் காரியம் பேசும் குருவுக்குப் பாதி ஊர்தான் மிஞ்சும் என்றேன்.

சுவாமி நகர்த்த எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு சொன்னார்: “அவனுக்கு ஒரு மண போடணும்னு எனக்குத் தோணாமப் போச்சே தம்பி.” அன்று அவர் கள்ள ஆட்டம் ஆடவில்லை. வென்றும் அடியேனுக்கு உறக்கம் வரவில்லை, கொசு மிகுதி.

வென்றதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் மறுநாள் சென்று பார்க்கையில் அவர் தச்சனிடம் பதின்மூன்றாவது மணைக்குப் பலகை இழைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். பலகைகளைக் குறைக்கச் சொன்னால் கூட்டுகிறீரே என்று கடிந்தேன். பின் அரசநீதிக்கு உகந்த ஒரு வழி சொன்னேன்: என்னோடு வந்த காவலரில் எழுவரை அந்த ஏழு மணைகளில் உட்காரவைப்பேன்; அவர்கள் காலைக் கழுவுக; மணையும் நிறையும், சடங்கும் நிறையும். வரட்டும், அவர்கள் காலும் நடந்து தேய்ந்த கால்தான், தனியே பாய் போட்டுக் கழுவுகிறேன், ஆனால் அந்த ஏழு மணை சிறையிலிருப்போர் வீட்டாருக்கு என்றார் சுவாமி. வெறும் மணை வைப்பது அரசியல் என்றேன்.

“அப்ப பிரகாசி தெனமும் புருசனுக்குன்னு எடுத்து வைக்கிற சோறும் அரசியல்தான் தம்பி,” என்றார்.

அந்தச் சோறு எங்கே போகிறது என்று கேட்டேன். விருந்தாளி இருக்கையில் வீணாக்குவானேன் என்று உங்களுக்குத்தான் வருகிறது என்றார்.

அதன்பின் ஆணையை நிறைவேற்றினேன். புதன்கிழமை காலை சந்தியாகு சுவாமியைக் கோட்டைக்கு அனுப்பினேன். வழித்துணையாக, வழியறிந்த வேறு காவலன் இல்லாமையால், இஞ்ஞாசியை அனுப்பினேன். சுவாமி ஒரு செபப்புத்தகமும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டார். செருப்பில்லை, இரு குதிகாலும் வெடித்து, வலப்பக்கம் நீர் கசிந்திருந்தது. படியில் கிடந்த கட்டத்தைக் காட்டி, “கலைச்சிராதீங்க, எத்தன ஆடு நின்னுச்சின்னு எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். அது பொய், நான் எண்ணி வைத்திருந்தேன்.

கழிக்கரை வரம்பின்மேல் அவர்கள் இருவரும் போவதை நெடுந்தூரம்வரை கண்டேன். முதலில் இஞ்ஞாசி பின்னால் நடந்தான். உப்பளம் தாண்டியதும் பக்கத்தில் நடந்தான். பிறகு அவன் கைகள் அசைவது தெரிந்தது. ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சொல்லுகிறான் போலும். சுவாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு போனார். ஆணை நிறைவேறியது. அன்று மாலை ஆடுபுலிக் கட்டத்தில் புலிகளையும் ஆடுகளையும் அடியேனே நகர்த்திப் பார்த்தேன். ஒருவனே இரண்டு பக்கமும் ஆடினால் கள்ளம் செய்ய இயலவில்லை என்பது தெரிந்தது.

இனி இன்றைய வியாழனின் செய்தி. பூசைக்குக் குரு இல்லை. ஆயினும் குருவுக்குத் துணையாக வேதம் கற்பிக்கும் உபதேசியார் கஸ்பார் மணைகளை எடுத்துப் போட்டார்: பன்னிரண்டு வரிசையாக, பதின்மூன்றாவது புதுப்பலகை வாசலோரமாக. தடுக்க அடியேனிடம் ஆணை இருந்தது. தடுத்தால் பேசவேண்டிவரும், எவரும் விடை சொல்லமாட்டார்கள். ஐந்து மணைக்காரர் வந்து அமர்ந்தார்கள். குருவின் கையில் சேறு படலாகாது என்று வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவது இவ்வூர் வழக்கம். ஐவர் காலும் பளிச்சென்றிருந்தன. உபதேசியார் வேதத்தில் அந்தப் பகுதியை வாசித்தார். ஆண்டவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார் என்ற இடத்தில் நிறுத்தினார். அதற்குமேல் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர்க் குடம் நடுவில் இருந்தது. ஊரார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எவரும் அடியேனைப் பார்க்கவில்லை. பிரகாசியம்மாள் கடைசியாக, தூணோரம் மூடிய சட்டி ஒன்றை வைத்து, “ஆறிரும்” என்றாள். சுவாமி நீங்கலாக இவ்வூரார் அடியேனிடம் சொன்ன சொல் இதுவரை அது ஒன்றே.

அதன்பின் கோயிலில் அடியேனும் மணைகளும் மட்டும் இருந்தோம்.

வாசலில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் காற்று உள்ளே அள்ளி வந்து மணைகளின்மேல் தூவியிருப்பதைக் கண்டேன். சுண்ணாம்பு மரத்துக்கு ஆகாது. ஊர்ச்சொத்து கெடாமல் காப்பது தூதனின் கடமையாகலின், குடத்து நீரை எடுத்து அந்த ஏழு மணைகளின்மேலும், பின் வாசலோர மணையின்மேலும் வார்த்து, வேறு துணி இன்மையால் தாங்கள் அருளிய அவைப்பட்டால் துடைத்தேன். மணைகள் தாழ்வாக இருந்தமையால் முழந்தாளிட நேர்ந்தது. இதனை வேறு எவரேனும் வேறுவிதமாகத் தங்களுக்கு எழுதக்கூடும் என்பதால் அடியேனே எழுதிவிடுகிறேன். சடங்கில் எஞ்சிய பகுதி ஒன்று உண்டு. அது செய்யப்பட்டதா என்பதை எழுத ஓலையில் இடம் போதவில்லை.

தங்கள் முத்திரை கையில் உள்ளவரை தங்கள் பெயரால் ஆணையிட அடியேனுக்கு அளித்த உரிமையைக் கொண்டு, கருங்கற்கோட்டைக் காவலர்தலைவருக்கு இதன்கீழ் வரையும் ஆணை: அங்குள்ள சிப்பிக்கரையார் எழுவர்க்கும் குருவுக்கும் காலில் விலங்கு இருப்பின், இவ்வோலை சேர்ந்த பொழுதே கழற்றுக. எண்மர்க்கும் கால் கழுவ நீர் தருக. குருவின் வலக்குதிகாலுக்கு வேப்பெண்ணெய் இடுக. துணைவந்த காவலன் இஞ்ஞாசி உடனிருக்க விரும்பினால் இருக்க விடுக. இது தூய்மை குறித்த ஆணையேயன்றி அரசியல் அன்று. இதனை மறித்தவர் அடியேன்பால் விடை சொல்லுக. அடியேன் பெருமகனார்பால் விடை சொல்லுவேன்.

கடல் உள்ளளவும் தங்கள் குடை தாழாது நிற்க. குடையின்கீழ் எல்லாருக்கும் இடம் இருக்க. மணைகள் காய்வதற்குள் திரும்புவது முறையன்று என்பதால், மறு ஆணை வரும்வரை இங்கேயே இருப்பேன்.

இங்ஙனம், சிப்பிக்கரைக் கோயிலிலிருந்து அவைத்தூதன் மதிவாகன் எழுத்து. முத்திரை மங்கிப் பதிந்திருப்பின் பொய்யோலை எனத் தள்ளற்க; கை ஈரம்.