நீ போனதில் வருத்தமில்லை, ஏணியை ஏன் எடுத்துப் போனாய்?

ஆகஸ்ட் 11, 1987. செவ்வாய்

பாட்டு எழுதுகிறவர்களின் தெருவான பதினாறாம் அவென்யூவில், எங்கள் ஆபீஸ் ஏசி செத்துவிட்டது. ஓர்வலும் நானும் பதினொரு மணிக்கு வழக்கம்போல் எழுத உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் கிடார் கழுத்தே வியர்த்தது. ஊரில் மற்றவர்கள் உருக்கமாகக் காதல் பாட்டு எழுதுகிறார்கள், நாங்கள் இருவரும் கிறுக்குத் தலைப்புக்காரர்கள். முதலில் தலைப்பு கிடைக்கவேண்டும், பாட்டு பின்னால் வரும். இன்று கிடைத்தவை:

"என் கல்லறைக்கு வந்து அழாதே, புல் இப்போதுதான் முளைக்கிறது."

"நீ இல்லாமல் வாழவே முடியாது என்றிருந்தேன், வியாழக்கிழமை வரைக்கும்."

இரண்டாவது என்னுடையது. ஓர்வல் சிரிக்கவில்லை. அறுபது வயதில் அந்த மனுஷன் நல்ல தலைப்பைக் கேட்டால் சிரிக்கமாட்டான், எழுதும்போதெல்லாம் கொறிக்கிற ஊறுகாய் ஜாடியை மூடி வைப்பான். ஜாடி திறந்தே இருந்தது.

என் பாட்டை ஒருவர் இசைத்தட்டில் பாடி ஒன்பது வருஷமாகிறது. "கர்த்தர் மன்னிப்பார், என் அக்கா மன்னிக்கமாட்டாள்." இப்போதும் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். பள்ளி திறந்ததும் மறுபடி காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ் ஓட்டவேண்டும். இன்னும் எத்தனை வருஷம் அந்த ஒரே அக்காவை வைத்து ஓட்டுவது?

ஆகஸ்ட் 13, வியாழன்

ஏசி இன்னும் சரியாகவில்லை. அடுத்த வாரம் என் வீட்டுச் சமையலறையில் எழுதலாம் என்று சொல்லித்தொலைத்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது —

காலையில் சிங்க் குழாய் பிய்த்துக்கொண்டது. தரையெல்லாம் தண்ணீர். மூன்று பிளம்பர்களுக்குப் போன் செய்தேன், ஒருவரும் இன்றைக்கு வரமாட்டார்களாம். நாலாவதாக வெர்னனைக் கூப்பிட்டேன். என் முன்னாள் புருஷன், குழாய்க் கடை வைத்திருக்கிறான். அந்தக் குழாயைப் போட்டவனும் அவன்தான், பிரிந்தால் என்ன, வந்து சரி செய்யட்டுமே. பத்தரைக்கு வந்தான். "காலை வணக்கம் அம்மணி" என்றான், சிங்க்குக்கு அடியில் புகுந்துகொண்டான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே. பிஸ்கட் என்கிற என் நாய் அந்தக் கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த நாய்க்கு ரோஷம் என்பதே கிடையாது.

ஓர்வல் வந்தான். வாசலில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்ததும், "என்ன தாயே, வாசல் பல்பு போயி எவ்வளவு நாளாச்சு? மாத்தக்கூடாதா?" என்றான்.

"ஏணி இல்ல" என்றேன்.

"ஏணி இல்லாத வீடா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. சிங்க்குக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்: "இருந்துச்சு. விட்டுட்டுப் போனவரு கையோட தூக்கிட்டுப் போயிட்டாரு. அவரு போனதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஏணிய ஏன் எடுத்துட்டுப் போகணும்?"

கால்கள் அசையவில்லை. ஓர்வல் ஊறுகாய் ஜாடியை மூடினான்.

"அதத் திரும்பச் சொல்லு" என்றான் மெதுவாக.

அரை மணியில் பல்லவியும் முதல் சரணமும் வந்துவிட்டன. இரண்டாம் சரணத்தில் அவன் எதையெல்லாம் விட்டுப்போனான் என்று அடுக்கவேண்டும். கட்டில், நாய், டிவி. கடைசியாக ஒன்று வேண்டும், கனமானதாக. கார் என்றேன். ஓர்வல் உதட்டைப் பிதுக்கினான். பைபிள் என்றேன். "எல்லாருந்தான் அத விட்டுட்டுப் போறான்" என்றான்.

சிங்க் அடியிலிருந்து குரல் வந்தது: "துப்பாக்கியக்கூட விட்டுட்டுத்தானே போனேன்."

உண்மைதான். மான் வேட்டைக்கு அவன் உயிராக வைத்திருந்த துப்பாக்கி. இன்னமும் என் அலமாரியில்தான் இருக்கிறது. துப்பாக்கியையே விட்டுப்போனவன் ஏணியை ஏன் எடுத்துப்போனான்? ஓர்வல் கிடாரைக் கீழே வைத்தான். குனிந்து, "தம்பி, வெளிய வாங்க, கையக் குடுங்க. நீங்களும் இந்தப் பாட்ட எழுதினவரு" என்றான்.

"அதெல்லாம் வேணாம்" என்றான் வெர்னன்.

"வேணாங்கறதுக்கு இது பந்தி இல்ல. எழுதற ரூமுக்குள்ள இருந்து யாரு ஒரு வார்த்த சொன்னாலும் பேரப் போட்டே ஆகணும். நம்ம ஆபீஸ் தெருவுல அதுதான் முறை."

"அவரு ரூமுல எங்க இருந்தாரு? சிங்க்குக்கு அடியில இருந்தாரு" என்றேன்.

"சிங்க்கும் ரூமுலதான் இருக்கு."

ஆக, என்னை விட்டுப்போனவனைக் கேலி செய்யும் பாட்டுக்கு அவனே மூன்றாவது ஆசிரியர். கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். குழாய் ஒழுகவில்லை. வேலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

வெர்னனின் பெயரை விட்டுவிடலாமா என்று ஓர்வலைக் கேட்டேன். ஒரு பார்வை பார்த்தான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மழை வரும்போலிருக்கிறது, தோளில் பழைய ஒடிவு வலிக்கிறது.

செப்டம்பர் 8, செவ்வாய்

ட்ரீனா மேபின் எங்கள் பாட்டை ஹோல்ட் செய்திருக்கிறாள்!

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். ட்ரீனா மேபின். ரேடியோவைத் திருகினால் இரண்டு பாட்டுக்கு ஒன்று அவளுடையது. எனக்காக வைத்திருங்கள், வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளோடு பல்லவியைக் கத்திப் பாடினேன். அவர்களுக்கும் பிடித்திருந்தது. "அப்புறம் ஏணிய ஏன் எடுத்துட்டுப் போனாரு மிஸ் நெல்டா?" என்று முன்சீட்டுப் பெண் கேட்டாள். சிரித்துக்கொண்டே பிரேக் போட்டேன்.

செப்டம்பர் 10, வியாழன்

அதே கேள்வியை இன்று ட்ரீனாவும் கேட்டாள்.

சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். நேரில் சின்ன உருவம். கோழி வறுவலை எலும்பு வெள்ளையாகும்வரை சாப்பிடுகிறாள். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

"ரெண்டு சரணம் சிரிச்சுகிட்டே கேட்டேன்க்கா" என்றாள். "மூணாவதுலயும் அதே சிரிப்ப சிரிக்க முடியல. பாட்டு முழுக்க ஏன் ஏன்னு கேக்கறீங்க. அவன் ஏன்தான் எடுத்துட்டுப் போனான்?"

"புத்தி கெட்டுப்போயி" என்றேன்.

"துப்பாக்கிய விட்டுட்டு ஏணிய எடுக்கறவனுக்கு ஏதோ காரணம் இருக்கு. அந்தக் காரணத்தக் கடைசிச் சரணத்துல வைங்க. அக்டோபர் பாதியில ஸ்டுடியோவுக்குப் போறேன். அதுக்குள்ள குடுத்தா பாடுறேன். இல்லேன்னா விட்டுடறேன், வேற யாருக்காவது குடுங்க."

பணியாரம் மாதிரி ஒரு பீச் பழப் பலகாரம் ஆர்டர் செய்தாள்.

செப்டம்பர் 15, செவ்வாய்

காரணங்கள் தயாரித்தோம். புதுப் பெண்ணின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. ஏணியை விற்றுப் பீர் குடித்தான். அவன் அம்மா கேட்டாள். ஓர்வல் ஒவ்வொன்றையும் பாடிக் காட்டினான், சிரிப்பாகத்தான் இருந்தது.

மூன்றையும் கேசட்டில் அனுப்பினோம்.

செப்டம்பர் 18, வெள்ளி

ட்ரீனா போன் செய்தாள். "மூணும் பொய். நிஜமா என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது, இல்லையாக்கா?"

தெரியாதுதான். கேட்டதே இல்லை. மூன்று வருஷமாக ஊர் பூராவும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அவனை ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

ஓர்வல் சொன்ன ஒரே வார்த்தை: "கேட்டுடு." நான் சொன்ன ஒரே வார்த்தை: "மாட்டேன்." பதினொன்றிலிருந்து இரண்டு வரை இதுதான் நடந்தது.

செப்டம்பர் 25, வெள்ளி

கேட்டேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை நேரே வெர்னன் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு மஞ்சளாக நின்றது. அவன் வெளியே வந்து பஸ்ஸையும் என்னையும் பார்த்தான்.

"ஏதாவது ஒழுகுதா?"

"இல்ல. ஏணிய ஏன் எடுத்துட்டுப் போன?"

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வெர்னன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

"பாட்டுக்கா கேக்குற?" என்றான்.

"ஆமா."

"அப்ப தேவைப்பட்டுச்சுன்னு எழுதிக்க."

உள்ளே போய்விட்டான். திமிர் பிடித்த மனுஷன். இல்லை — எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். பாட்டுக்கா என்று கேட்டான். நான் ஆமா என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? எனக்காகத்தான் கேட்கிறேன் என்று வாயில் வரவில்லையே. ஏன் வரல? வெக்கமா? என்ன எழவோ.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஆபீஸ் ஏசி வேலை செய்கிறது. இப்போது குளிர ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 1, வியாழன்

இன்று பதினொரு மணிக்கு அறைக்குள் போனால், என் நாற்காலியில் வெர்னன் உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தலையைப் படிய வாரியிருந்தான்.

"எழுதினவங்க மூணு பேரு. ஒருத்தர விட்டுட்டுக் கடைசிச் சரணம் எழுதக்கூடாது. நான்தான் வரச்சொன்னேன்" என்றான் ஓர்வல்.

வெர்னன் என்னைப் பார்க்கவில்லை. ஓர்வலின் கிடாரைப் பார்த்தே பேசினான். "இவ என்கிட்ட பேசினதவிட என்னைப் பத்தி எழுதினதுதான் அதிகம். அதான் அன்னிக்குச் சொல்லல. இங்க சொல்றது வேற. இது எழுதற எடம்."

அப்புறம் சொன்னான்.

"நான் பிரிஞ்சு போன வருஷம் இவ, கூரையில மழத்தண்ணி ஓடுற தகரத்துல இலை அடைச்சுகிச்சுன்னு ஏறி விழுந்து தோள் எலும்ப ஒடிச்சுகிட்டா. நான் வேலையில இருந்தேன். கீழ பிடிக்க ஆளில்ல. பக்கத்து வீட்டுக்காரன் பாத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கட்டுப் பிரிச்ச மறுநாளே திரும்ப ஏறுறா. சொன்னா கேக்கற ஜென்மமா? நான் போறதுன்னு ஆனப்ப வேற எதுவும் தோணல. இலை விழுற காலம் வருதே, இவ ஏறுவாளே, கீழ யாரு நிப்பான்னுதான் தோணுச்சு. தூக்கி வண்டியில போட்டுகிட்டேன். எனக்கு எதுக்கு ஏணி? என் கடையிலதான் ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சே."

நான் அழுதேன். அழகாக எல்லாம் இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். மூன்று வருஷம் அவனை ஏணித் திருடன் என்று சொல்லித் திரிந்தவள் நான். ஓர்வல் ஊறுகாய் ஜாடியை மூடி, ஜாடியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். மூக்கைச் சிந்திவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, "அன்னிக்குக் கீழ இருந்த ரோஜாச் செடி மேல விழுந்தேன்னு உன்கிட்ட சொல்லவே இல்லையே" என்பது. எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றான். "முள்ள நான்தானே எடுத்தேன்."

கடைசிச் சரணம் ஒரு மணிக்குள் முடிந்தது:

கட்டிலை விட்டான், நாயை விட்டான்,
துப்பாக்கியையும் விட்டுப் போனான்.
ஏணியை மட்டும் தோளில் போட்டான் —
தான் இல்லாத நாளில் நான் ஏறிவிடுவேன்,
பிடித்துக்கொள்ள ஆளில்லை என்று.

அக்டோபர் 2, வெள்ளி

போனில் ட்ரீனாவுக்குப் பாடிக் காட்டினேன். அந்தப் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம். "தலைப்ப யாராவது மாத்தச் சொன்னா என்கிட்ட அனுப்புங்கக்கா" என்றாள்.

அக்டோபர் 14, புதன்

பாடிவிட்டாள். கம்பெனி ஆள் ஒருவர் தலைப்பு நீளம், வெறும் "ஏணி" என்று போடலாமே என்றாராம். ட்ரீனா அவரைப் பார்த்த பார்வையில், முழுத் தலைப்பும் இசைத்தட்டில் அடங்கும்படி எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். அடியில் மூன்று பெயர். நடுவில் அவனுடையது. ஓர்வல் அகரவரிசை என்று சத்தியம் செய்கிறான். பொய், எந்த வரிசையிலும் அப்படி வராது.

அக்டோபர் 20, செவ்வாய்

ஓர்வலுக்குக் கவலை. "நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டா நான் தலைப்புக்கு எங்க போவேன்? உன் கோவத்துலதான் தாயே நம்ம பொழப்பு ஓடுது."

யார் சேர்ந்தது? ஒருவரும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். வேறு இடமில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து வெர்னன் வந்தான். வண்டியின் மேல் ஏணி.

"தகரம் அடைச்சிருக்கும்" என்றான். "நான் ஏறவா?"

"நான்தான் ஏறுவேன்."

சண்டை போடவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஏறினேன். மூன்று வருஷத்து இலை, அழுகி, ஒரு டென்னிஸ் பந்தோடு. அள்ளி அள்ளி எறிந்தேன், பாதி அவன் தலையில் விழுந்தது. சிலது வேண்டுமென்றே. பிறகு வாசல் பல்பையும் மாற்றினேன். சோள ரொட்டியும் அவரைப் பயறும் சாப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. பேசியது பாட்டைப் பற்றி இல்லை.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டான். வண்டிச் சத்தம் போனபிறகு, பல்பு எரிகிறதா என்று பார்க்க வெளியே வந்தேன். ஏணி வராந்தாவில் கிடந்தது. மறந்துவிட்டானோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன். தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறான்.

சாவியை அவன் எடுத்துப்போய்விட்டான்.