தலைமாட்டுக் கயிறு

தம்பி,

அப்பாவைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது கல்லறைத் தோட்ட வாசலிலேயே கேட்டாய்: "அக்கா, நான் எப்படி இருந்தேன்?"

ஆயுள் முழுக்கப் பள்ளியில் மதிப்பெண் போட்டவள், இப்போது உனக்கும் போடுகிறேன். லண்டன் மேடையிலும் திரையிலும் ஸ்காட்லாந்துக் குடிகாரன், கோணல்வாய்ப் போலீஸ்காரன் என்று எந்தச் சில்லறை வேடத்திலும், எப்படித் திரும்பினால் முகம் தெரியும் என்பது உனக்கு அத்துப்படி. அன்றும் அப்படித்தான். நம் ஸ்காட்லாந்து வழக்கப்படி மகனுக்குரிய தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது, கூட்டத்தின் பக்கம் திரும்பி அழுதாய். உன் கயிறு தளர்ந்து பெட்டி சாய்ந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

"உன் தம்பி அருமையா அழுதான்டி. உங்கப்பாவுக்குத்தான் தலை இடிச்சிருக்கும்," என்றாள் மோராக் சித்தி.

அம்மா சிரிக்கவில்லை. டிவியில் நீ வந்தால் நிறுத்திவிடுகிறாள். "அவன் எப்ப நிஜமா வருவான்?" என்கிறாள்.

ஞாயிறு வா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தேநீர் ஆறும்வரை யாராகவும் நடிக்காமல் இருந்து பார்.

உன் அக்கா