எழுபத்து மூன்று சதவீதத்தில்

மார்ச் 4, செவ்வாய்

312 வாக்கியம் முடிந்தது. இன்னும் 88. வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சையில் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் நானூறையும் அவர் படித்துப் பதிந்துவிட்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேசுமாம். முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 'நாளை மழை பெய்யுமா' என்பதைக்கூட அதட்டித்தான் படிக்கிறார்.

நடுநடுவே 'புதிய பதிப்புக்கு மாறுங்கள்' என்று ஒரு பெட்டி வந்து வாக்கியத்தை மறைக்கிறது. சனியன்.

மார்ச் 5, புதன்

தொல்லை விட்டால் போதும் என்று காலையில் அந்தப் பெட்டியில் 'சரி' அழுத்தித் தொலைத்தேன். 73 சதவீதத்தில் நின்றது. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றது. அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் சரியாக வேண்டுமே என்று சுவிட்சை அணைத்துப் போட்டேன். அணைக்காதீர்கள் என்று திரையிலேயே எழுதியிருந்தது! எனக்குக் கண் எங்கே போயிற்று?

இப்போது கம்ப்யூட்டர் திறக்கிறது. பதிவு பட்டனைத் தொட்டால் நீலத் திரை போட்டுச் செத்துவிடுகிறது. நல்லவேளை, பழைய 312-ம் இருக்கின்றன.

என்னாச்சும்மா என்றார் அப்பா. தானாவே அணைஞ்சுடுச்சுப்பா என்று வாய் கூசாமல் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மார்ச் 6, வியாழன்

பழுது பார்ப்பவர் வந்து மெமரியை மாற்றினார். அப்பா 313-வது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார் — நீலம்.

"நான் அதட்டுனா பஸ்ஸே நிக்கும். இது எம்மாத்திரம்" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம் என்கிறார் பழுது பார்ப்பவர். பதிவை ஏற்பாடு செய்த ஆஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டேன்: அப்படிச் செய்தால் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் அப்பாவின் தொண்டை தாங்காது. என்ன காரியம் பண்ணிவிட்டேன்?

மார்ச் 7, வெள்ளி

ஒன்பது தடவை நீலம். ஒரு வாக்கியம்கூட இல்லை.

மார்ச் 8, சனி

மைக்கைக் கழற்றிவிட்டு, பழைய 312-ஐயும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுசாக ஓடியது, அசையவில்லை. மைக்கைச் செருகினேன். அடுத்த நிமிஷம் நீலம்!

பழுது பார்ப்பவர் ஓடி வந்தார். மைக்கை இயக்கும் மென்பொருள் பாதி பழசு, பாதி புதுசாக நிற்கிறதாம். அதை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். அரை மணி நேர வேலை. நான்கு நாள் செத்துப் பிழைத்தேன்.

போகும்போது, "நடுவுல யாராவது ஆஃப் பண்ணீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். அப்பா இருமினார்.

இன்று 44.

மார்ச் 9, ஞாயிறு

நானூறு. கடைசி வாக்கியம்: 'சாவி மேசை மேல் இருக்கிறது.' அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதாம்பா என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று குரல் தயாராகிவிட்டது. அப்பா ஒற்றை விரலால் வெகு நேரம் தட்டினார். தண்ணீர் கேட்பார் என்று டம்ளரோடு நின்றேன். பட்டனை அழுத்தினார்.

"சுவிட்சை அணைச்சது நீதான்னு அன்னைக்கே தெரியும்மா. டிக்கெட் எடுக்காத மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அதே அதட்டல். தூக்கிவாரிப் போட்டது, டம்ளர் தண்ணீர் முழுக்க என் மேல். அப்பா சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

இன்னொரு தடவை அழுத்துங்கப்பா என்றேன்.