காட்டெருமைக்கென்று நீங்கள் செய்துவைத்த ரவைகள்

இஞ்சாருங்கோ,

இத்தனை வருசமும் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்ப மட்டும் எதற்குப் புதிதாக ‘அன்புள்ள’ என்று தொடங்க? உங்கள் ஆறாம் மாச நினைவுக்குத் தமிழ்ப் பேப்பரில் ஒரு பக்கம் எடுத்திருக்கிறோம். ஒரு தேவாரமும் கோட் போட்ட படமும் போதும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குப் போதாது. உங்களுக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது, ஊரும் கேட்டால் கேட்கட்டும்.

உங்களைத் தெரிந்த சனத்துக்கு நீங்கள் பிசிக்ஸ் வாத்தியார். சாம்பியாவில் படிப்பித்து, பிறகு இந்தப் பனி நாட்டுக்கு வந்து மிசிசாகாக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வெடுத்த அமைதியான மனிசன். எங்கள் மில்லிக்கன் வீட்டு பேஸ்மென்றில், இரும்பு அலுமாரிக்குள், காட்டெருமை சுடுகிற துவக்கும் நீங்களே மருந்து நிறைத்துச் செய்த ரவைகளும் இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? லைசென்ஸ் எடுத்துத்தான் வைத்திருந்தீர்கள், சம்மதம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் இருவரும் வெளியில் மூச்சு விடவில்லை. தமிழன் வீட்டில் துவக்கு என்றால் எந்தச் சனம் எருமையை நினைக்கும்?

மாசியில் நீங்கள் போனீர்கள். வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னிக்குள் இருந்த என் அக்கா குடும்பத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நாங்கள் டவுன்ரவுன் ரோட்டில் குந்தியிருந்து சண்டையை நிற்பாட்டு என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சோறு காய்ச்சினோம்.

அந்தக் கிழமைதான் அலுமாரி விசயத்தை என் தம்பி குகனுக்குச் சொன்னேன். அவன் துள்ளி எழும்பினான்.

“அக்கா, உனக்கென்ன விசரே? ரோட்டெல்லாம் பொலிஸ் நிக்குது. உந்தத் துவக்கை இப்பவே மண்ணுக்குள்ள தாட்டுப்போட வேணும்.”

ஊரில் ஆமி செக்கிங் வருகுது என்றால் போட்டோ ஆல்பத்தையும் வாழைக்கு அடியில் புதைத்த கை அது. கராஜில் மண்வெட்டி இல்லை. பனி தள்ளுகிற பிளாஸ்ரிக் சவளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனான். ரெண்டாம் குத்தில் சவள் வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன மனிசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தக்காளி நடப்போகிறீர்களா என்று கேட்டா. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு துவக்கு விற்கிற கடைக்கு போன் எடுத்துக் கேட்டேன். செத்தவரின் சாமானைப் பூட்டி வைத்திருந்து லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கொடுத்தால் பிரச்சினை இல்லை, புதைத்தால்தான் குற்றம் என்றார்கள். குகன் நம்பவில்லை. சட்டம் எங்களைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கு அவனுக்கு எங்கே பழக்கம்?

இந்தக் களேபரத்துக்குள் பீற்றர் வந்தார். சுடப் பழகுகிற இடத்தில் உங்களுக்குச் சிநேகிதமான, ரயில் மெக்கானிக்காக இருந்து ஓய்வெடுத்த அதே வெள்ளைக்காரர். ஆனிக் கடைசியில் சாம்பியாவுக்கு எருமை வேட்டைக்குப் போகிறாராம். அவருடைய துவக்குக்கென்று நீங்கள் செய்துவைத்த ரவைகளை எடுக்கலாமா என்று தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

இல்லை என்றேன். என் வீட்டிலிருந்து ஒரு சன்னம் வெளிக்கிட்டு எந்த உடம்புக்குள்ளும் போகக்கூடாது, மாடோ மனிசனோ. அந்தக் கிழமை எனக்கு அவ்வளவுதான் மனசு. பாவம், மனிசன் கோபிக்கவில்லை. “பரவாயில்லை, கடையில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். எடை குறைவு, வேகம் கூட. அதை வாங்குகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நின்றேன். எடை குறைவு, வேகம் கூட. இதை நான் முதலும் ஒருக்கால் கேட்டிருக்கிறேன்.

சாம்பியாவில் பள்ளிக்கூட விடுதிக்கு இறைச்சி வேண்டும் என்று நீங்களும் மற்ற வாத்தியார் ஒருவரும் பெர்மிற் எடுத்து எருமைக்குப் போனீர்களே, அன்றைக்கு அந்த வாத்தியார் சொன்னது. அவரிடம் இருந்தது மான் சுடுகிற இலகுவான சன்னம். அது எருமையின் தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிட்டது, உள்ளே போகவில்லை. காயப்பட்ட எருமை ஆள் உயரப் புல்லுக்குள் போய்ப் படுத்துக் காத்திருந்தது. சுட்டவர் முதலில் புல்லுக்குள் போகவில்லை. தடம் பார்க்கிற முலெங்காதான் முன்னால் போனான். ஆஸ்பத்திரி வாங்கிலில் குந்தி, அவன் மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். விடியமுதல் அவன் முடிந்துபோனான்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. சாப்பாட்டு மேசையில் சன்னத்தை உருட்டி உருட்டிப் பாடம் எடுத்தீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டு ஓம் ஓம் என்றேன். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போல.

பீற்றரைத் திருப்பிக் கூப்பிட்டேன். குகனுக்குப் பொறுக்கவில்லை.

“வன்னியில பெரியக்காவையள் என்ன பாடோ தெரியேல்லை. நீ இஞ்ச இருந்து வெள்ளையனுக்கு ரவை குடுக்கிறாய்.”

“அவர் எப்பிடியும் போய்ச் சுடத்தான் போறார். மாடு எப்பிடியும் சாகப்போகுது. முன்னுக்கு நடக்கிறவன் ஏன்ரா சாக வேணும்?”

அவன் எழும்பிப் போய் ஹோலில் இருந்தான்.

லைசென்ஸ் கார்ட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தபிறகு பீற்றருக்குப் பெட்டியைத் திறந்தேன். நுனியில் ஈயம் தெரிகிற இது விரிகிற சன்னம், முதல் வெடிக்கு. உள்ளே போய் விரிந்து பெரும்பாலும் அந்த மாட்டுக்குள்ளேயே நின்றுவிடும், பின்னால் நிற்கிற மாட்டைக் காயப்படுத்தாது. ஆனால் கடைச் சாமான் போல இல்லை, இது பாரமானது, தடித்த செம்புத் தோல் வைத்தது, எலும்பில் சிதறாது. மற்றது முழுக்க முழுக்கப் பித்தளை, மொட்டை நுனி, விரியாது. மாடு திரும்பி ஓடினாலோ எங்களை நோக்கி வந்தாலோ அதுதான் எலும்பை உடைத்துக்கொண்டு நேரே போகும். கூட்டத்துக்குள் அதை முதலில் போடக்கூடாது. யானைக்கு என்றால் அது மட்டும்தான். நீங்கள் சொன்னது போலவே சொன்னேன், உங்கள் இருமலைத் தவிர.

பீற்றர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு சன்னத்தையும் கையில் வைத்துப் பார்த்தார். கடைச் சாமான் வேண்டாம், இதையே கொண்டு போகிறேன் என்றார். காசு தர வந்தார். அது உங்கள் சொல், அதற்கு நான் காசு வாங்குவேனா?

பிறகு எனக்கு நிம்மதியில்லை. சரியாகத்தான் சொன்னேனா, மாற்றிச் சொல்லிவிட்டேனா? உங்களிடம் கேட்கவும் வழியில்லை. எருமைக்கு முன்னால் நடக்கப்போகிற, முன்பின் தெரியாத ஒருவனின் உயிரை என் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோயிலில் அக்காவின் பேருக்கு அர்ச்சனை செய்தபோது, பேர் தெரியாத அவனுக்கும் சேர்த்து ஐயரிடம் ஒன்று சொன்னேன். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். யாருக்குத் தெரியும்?

ஆடியில் ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. அக்காவாக்கும் என்று ஓடினேன். பீற்றர். சாம்பியாவில் இருந்து பேசினார், குரல் இரைச்சலுக்குள் வந்து வந்து போனது. முதல் வெடி தோளுக்குப் பின்னால் பட்டதாம். அப்படியும் எருமை விழாமல் புல்லுக்குள் போய்த் திரும்பி வந்ததாம். அடுத்த இரண்டும் பித்தளை. பத்தடிக்கு அங்கால் விழுந்ததாம்.

“முன்னால் போனவர்?” என்று கேட்டேன்.

“யார், தடம் பார்க்கிறவரா? அவர் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைக்குக் காய்ச்சலாம். இறைச்சியில் தன் பங்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரமாக நடந்து போனார்.”

போனை வைத்துவிட்டு குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை என்று சனம் கதைத்தது உண்மை. வைகாசியிலும் கண்ணீர் வரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது, நிற்பாட்ட முடியாமல் வந்தது. ஒரு ஆள் தன் பிள்ளையிடம் நடந்து போய்ச் சேர்ந்தான் என்று இந்த வருசம் முழுக்க எனக்கு வந்த சேதி அது ஒன்றுதான்.

அக்காவுக்காக இன்னும் போனடியில்தான் இருக்கிறேன். சேதி வந்தால் பிள்ளைகளுக்கும் முதல் உங்களுக்குத்தான் சொல்லுவேன். நல்லதோ கெட்டதோ, ஒன்றையும் மறைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கட மனிசி,
சரோ